மூன்றாம் நம்பர் தட்டுகிறது

காஜா பெராங், மலாக்கா
2-7-1957

திரு. கருணாகரன் அவர்களுக்கு,

நான் நலம். ஜனவரியில் சண்டை போட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூர் பஸ் ஏறினீர்களே, அன்றிலிருந்து உங்களுக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இதுவும் நம்மைப் பற்றிய கடிதம் இல்லை. காரைப் பற்றியது.

உங்கள் வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். வாயைப் பிளக்க வேண்டாம். மார்ச்சில் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். புக்கிட் ரம்பாய் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய் வருகிறேன். பக்கத்து சீட்டில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகக் கட்டு உட்கார்ந்து வருகிறது. அது எதிர்த்துப் பேசுவதில்லை.

ஒரு மாதமாக இன்ஜினுக்குள் டொக் டொக் என்று யாரோ தட்டுகிறார்கள். கம்போங் செட்டியில் இருக்கும் பஸ் மெக்கானிக் நடராஜனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மலாக்காச் செட்டிகள் எல்லோரையும் போல அவருக்கும் மலாய்தான், தமிழ் வராது. "ஹாபிஸ் லா, காக். பேரிங்" என்று, எல்லாம் முடிந்தது அக்கா என்பதுபோல் கையை விரித்துவிட்டார். பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார். போட்டுவிடவா? ஒரு வரி பதில் போதும்.

சிவகாமசுந்தரி


சிங்கப்பூர்
6-7-1957

அன்புள்ள சிவகாமு,

ஒரு வரி கேட்டாய். போடாதே. மீதியெல்லாம் நீ கேட்காமல் நானாக எழுதுவது.

நீ கார் ஓட்டுகிறாயா? சைக்கிளில் பின்னால் உட்காரவே பயந்தவள் நீ. கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

நடராஜன் நல்ல வேலைக்காரர், ஆனால் அவசரக்காரர். தட்டுகிற சத்தமெல்லாம் பேரிங் ஆகாது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் தட்டி, சூடானதும் அடங்கிவிட்டால் அது பிஸ்டன். பயமில்லை. சூடான பிறகு சத்தம் கூடினால்தான் பேரிங் மேல் சந்தேகம். அப்படி இருந்தால் எந்தப் பேரிங் என்று பார்க்க வேண்டும். வண்டி நின்ற இடத்தில் ஓடட்டும். மரப்பிடி போட்ட திருப்புளியால் ஒரு பிளக்கின் தலையையும் இன்ஜின் இரும்பையும் ஒருசேரத் தொடு. அந்த பிளக் வேலை செய்யாமல் நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகச் செய். எதை நிறுத்தும்போது சத்தம் அமுங்குகிறதோ, கோளாறு அங்கேதான்.

பிடியைத் தவிர வேறெங்கும் கை படக்கூடாது. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள். சாப்பிடுகிறாயா?

உன் கருணா


காஜா பெராங்
11-7-1957

அன்புள்ள உங்களுக்கு,

சாப்பிடுகிறேன். உங்களுக்காக இரண்டு பேருக்குச் சமைக்கிற பழக்கம்தான் இன்னும் போகவில்லை. மிச்சம் கோழிக்குப் போகிறது.

குளிரில் சத்தம் குறைவு, சூட்டில் அதிகம். உங்கள் பிஸ்டன் ஆசை போயிற்று. பிறகு திருப்புளியை எடுத்தேன். நடராஜன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "ஜாகா, காக், ஜாகா" என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார். ஒன்றாம் நம்பரை நிறுத்தினேன், அதே சத்தம். இரண்டில் சுரீரென்று ஷாக் அடித்தது. அந்த நேரத்தில் நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தீர்களோ என்னவோ. மூன்றைத் தொட்டதும் தட்டல் அப்படியே அமுங்கிவிட்டது. எடுத்தேன், மறுபடியும் தட்டியது. நான்கில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நம்பர்தான். நடராஜன் வேலியைத் தாண்டி வந்து திருப்புளியை வாங்கித் தானும் ஒரு தரம் செய்து பார்த்துவிட்டு, "பண்டாய் லா, காக்" என்றார். கெட்டிக்காரியாம் நான். நீங்கள் ஒரு நாளாவது சொன்னதுண்டா?

சிவகாமசுந்தரி


சிங்கப்பூர்
16-7-1957

அன்புள்ள சிவகாமு,

நீ கெட்டிக்காரி. பத்து வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னும் ஒரே ஒரு சோதனை. அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வாளியில் இறக்கு. அலமாரியில் என் பழைய வேட்டி இருக்கும். அதில் வடிகட்டி, துணியை வெயிலில் விரித்துப் பார். வெள்ளியாக மினுமினுத்தால் பேரிங்கின் ஈயம் கரைந்து வருகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ராடு உடைந்து இன்ஜினைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஒரு மாதமாக என்று எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் வண்டியை எங்கே கொண்டுபோனாய்? பேரிங் சும்மா இப்படி ஆகாது.

இன்னொன்று. முதலாளி மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். ஆகஸ்ட் ஐந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டுமாம். நீ என்ன சொல்கிறாய்?

உன் கருணா


காஜா பெராங்
21-7-1957

அன்புள்ள அத்தானுக்கு,

வேட்டியை வெயிலில் விரித்தேன். முழுக்க மினுமினுக்கிறது. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன்.

எங்கே கொண்டுபோனாய் என்று கேட்டீர்கள். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் எங்கும் போகவில்லை என்று எழுதியிருப்பேன். வைகாசியில் அம்மன் ஊர்வலத்துக்கு முந்தின நாள் தேர்ச் சக்கரம் உடைந்துவிட்டது. கோயில்காரர்கள் வந்து, மேல் மூடி இல்லாத வண்டி ஊரிலேயே உங்களுடையதுதான், அம்மன் படத்தை வைத்துக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். நீங்கள் இருந்தால் கொடுத்திருக்கமாட்டீர்கள். நான் கொடுத்தேன். நானே ஓட்டவும் செய்தேன்.

மூன்று மணி நேரம் முதல் கியரிலேயே நாதஸ்வரத்துக்குப் பின்னால் நகர்ந்தோம். வீட்டுக்கு வீடு நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள். இன்ஜின் கொதித்தது. ஆயில் மீட்டர் முள் கீழே படுத்தே கிடந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அது என் நேர்த்திக்கடன். நீங்கள் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வண்டியையே கொடுத்தேன்.

மறுநாள் காலையில் தட்ட ஆரம்பித்தது. உங்களை வரவழைக்கப் போய் உங்கள் காரைக் கொன்றுவிட்டேன். அதைச் சொல்லப் பயந்துதான் அந்த முதல் கடிதத்தை அப்படி விறைப்பாக எழுதினேன்.

கையெழுத்து உங்கள் இஷ்டம். பள்ளிக்கூடத்தை விட்டு என்னால் சிங்கப்பூர் வர முடியாது. அன்றும் அதைத்தான் சொன்னேன். போங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கக் கூடாது.

சிவகாமு


சிங்கப்பூர்
25-7-1957

என் அன்புள்ள சிவகாமு,

நீ கொல்லவில்லை. பக்கத்து சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் பலகையைப் பார். நான் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் கிளம்புவதற்கு முன்பே அது லேசாகத் தட்டியது. என் காதுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்ஜினை இறக்க வேண்டும், இறக்கினால் ஒரு மாதம் வீட்டில் இருக்க வேண்டும். கோபத்தில் இருந்தவனுக்கு ஒரு நாள்கூட இருக்க மனசில்லை. நீ அதைத் தொடவே மாட்டாய் என்று நினைத்துப் போய்விட்டேன். ஊர்வலத்தில் சத்தம் பெரிதாகியிருக்கும், அவ்வளவுதான். தெரிந்தும் இத்தனை கடிதத்தில் தெரியாதவன் போலவே கேட்டுக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது.

பேரிங்குக்கு ஈயம் ஊற்றலாம். ஆனால் கையால் தடவித் தடவித்தான் அளவு பார்க்க முடியும். கடிதத்தில் முடியாது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீ வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் நடராஜனுக்கு எப்படிச் செய்வதென்று விவரமாக எழுதி அனுப்புகிறேன்.

கருணா


காஜா பெராங்
29-7-1957

அன்புள்ள அத்தானுக்கு,

நோட்டுக் கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சீட்டைத் தூக்கினேன். "3 தட்டுது. பார்க்கணும். 9-1-57" என்று உங்கள் கோணல் எழுத்து. எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இரண்டு மாதமாக அம்மன் முகத்தைப் பார்க்கவே கூசிக்கொண்டு கிடந்தவள் நான். காரில் கேட்ட சத்தத்தை என்னிடம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. பலகையில் எழுத மட்டும் தெரிந்திருக்கிறது.

நடராஜனுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். நீங்களே வாங்க. அடுத்த மாதம் மலாயாவுக்குச் சுதந்திரம். பிள்ளைகளைக் கொடியோடு அணிவகுப்புக்கு அழைத்துப்போக வேண்டும், எனக்கு வண்டி வேண்டும். உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் வந்தால் அடுத்த வைகாசியில் பால்குடம் எடுப்பீர்கள் என்று உங்கள் சார்பில் நானே வேண்டிக்கொண்டுவிட்டேன். இனி மாற்ற முடியாது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் சரியான பிறகும் ஓட்டப்போவது நான்தான். நோட்டுக் கட்டைத் திரும்ப அந்த சீட்டில் வைக்கவில்லை.

உங்கள் சிவகாமு