பொக்கற்றுக்குள் போன வெள்ளித்தாள்

மாங்கேணி,
கார்த்திகை கடைசி ஞாயிறு.

அன்பு மகள் உசாந்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன், அக்கா பிரஷாந்தியும் அவளுடைய வயிற்றுப் பிள்ளையும் சுகம், நீ அந்த ருமேனியாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாமாங்கப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. கடல் கொந்தளிப்பு, தோணியெல்லாம் கரையில் கிடக்கிறது, எனக்கும் மீன் ஏற்றும் ஓட்டம் இல்லை, அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது. வட்ஸ்அப்பில் சொல்லாமல் ஏன் கடதாசி எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் தொடங்கினால் நீ அழுவாய், நானும் அழுவேன், நடுவில் லைன் அறுந்து பாதிக் கதையோடு நிற்பாய். இது நீ முழுவதையும் வாசித்துவிட்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம். பக்கத்து வளவுத் தனோஜன் புதன்கிழமை அங்கே திரும்பி வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் சுதாகரனைப் பற்றியது. நல்லரத்தினம் மாமாவின் மகன், மச்சான் முறை, தை பிறந்ததும் உனக்குப் பேச்சு முற்றாக்கலாம் என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்த பிள்ளை. ஐப்பசியில் அவன் நம் பிக்கப்பைத் தன் வாழைச்சேனைக் கடைக்குக் கொண்டுபோய் மேலே நீட்டு லைற், பெரிய ஹோர்ன், பின்னுக்குப் பார்க்கிற கமரா எல்லாம் பூட்டிக் கொடுத்தான். விடிய முதல் மீன் பெட்டியோடு போகும்போது யானை நடு றோட்டில் நின்றால் தெரியாது, மாமிக்கு லைற் வேண்டும் என்று அவனாகவே சொன்னான். அந்தப் படங்களை உனக்கும் அனுப்பினேன், நீ இதயம் இதயமாகப் போட்டு அனுப்பினாய். எனக்கும் பெருமைதான். அப்பா இல்லாத வீட்டில் ஒரு ஆம்பிளைப் பிள்ளை பொறுப்பாக நிற்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது அதை நினைத்தால் வாய் கசக்கிறது.

ஒரு கிழமை போகவில்லை, வண்டிக்குப் பேய் பிடித்த மாதிரி ஆயிற்று. பிறேக்கை மிதித்தால் பின் கமரா தானாக எரிந்தது. சிக்னல் போட்டால் ஹோர்ன் முனகியது. கதவுப் பூட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டக் டக் என்று விழுந்து எழும்பியது. காலையில் சாவியைத் திருப்பினால் பற்றரி செத்துக் கிடந்தது. மூன்று தரம் சுதாகரனிடம் கொண்டுபோனேன். பொனெற்றைத் திறந்து பார்த்துவிட்டு, பூட்டின சாமானில் பிழை இல்லை, வண்டியின் கொம்பியூட்டர் பெட்டி போயிற்று என்றான். ஏன் போனது என்று கேட்டேன். அதற்கு முந்தின மாதம் ஓட்டமாவடி ரிஸ்கான் அல்டர்னேற்றர் மாற்றியவர் அல்லவா, அவர்தான் ஏதோ மாறிக் கொளுவி அதைச் சுட்டுவிட்டார் என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த ஆக்களிட்ட வண்டியைக் குடுத்தா இப்படித்தான் மாமி என்றும் சொன்னான். மகள், அந்தச் சொல்லுக்கு நான் அவனைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஏழு வருஷமாக நம் வண்டியைப் பார்த்து வருகிற மனிசன் ரிஸ்கான். நான் நேரே ஓட்டமாவடிக்குப் போய், அவருடைய கடை வாசலில், வேலைக்கு வந்து நின்ற நாலைந்து பேருக்கு முன்னால், அவருடைய மாமனார் முகைதீன்பாவா வாங்கில் குந்திப் பார்த்துக்கொண்டிருக்க, கள்ள வேலை செய்யிறாய் என்று ஏசினேன். பொனெற்றை ஒருக்காத் திறந்து காட்டச் சொல்லி மட்டும் கேட்டார். நான் காட்டாமல் வந்துவிட்டேன்.

போனதுக்கு முதல் வெள்ளிக்கிழமை அக்காவுக்குப் பெரியாஸ்பத்திரியில் கிளினிக். எட்டு மாத வயிறு, பஸ்ஸில் குலுங்க வேண்டாம் என்று நானே ஏற்றிக்கொண்டு போனேன். பின் சீற்றில் காலை நீட்டி இருந்தாள். தன்னாமுனை தாண்டப் போகும்போது டாஷ்போட்டுக்குக் கீழே இருந்து பிளாஸ்ரிக் எரியும் மணம் வந்தது, அடுத்த நிமிஷம் புகை, எஞ்சின் நின்றுவிட்டது. கண்ணாடி இறங்கவில்லை. பின் கதவு உள்ளே இருந்து திறக்காத மாதிரி லொக் போட்டிருந்தது, அக்கா கைப்பிடியை இழுத்து இழுத்து அம்மா அம்மா என்று கூப்பிடுகிறாள், புகையில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. நான் இறங்கி ஓடிப்போய் வெளியால் இழுத்தேன், பூட்டு விழுந்திருந்தது, திரும்பவும் உள்ளே பாய்ந்து சீற்றுக்கு மேலால் கையைப் போட்டுப் பின் பூட்டை நிமிர்த்தி, சுற்றி ஓடிவந்து கதவைத் திறந்து அவளை இறக்கினேன். அதற்குப் பிறகு சீற்றுக்குக் கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துப் பற்றரி வயரைக் கழற்றினேன், புகை அடங்கியது. வலது கையில் இரண்டு விரல் சுட்டுவிட்டது, பயப்படாதே, இப்போது ஆறிவிட்டது. அந்த வழியால் வந்த ஓட்டோக்காரர் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளையின் துடிப்பு நல்லாக இருக்கிறது என்று டொக்டர் சொன்னதாக அவள் போன் எடுத்துச் சொன்ன பிறகுதான் நான் வண்டிப் பக்கம் திரும்பினேன்.

நான் கண்ணிவெடி எடுக்கிற வேலையில் நாலு வருஷம் இருந்தது உனக்குத் தெரியும். அங்கே அவர்களுடைய பிக்கப்புகளை ஓட்டி, நடுக்காட்டில் நின்றால் நாங்களே வயர் பார்த்துப் பழகியவர்கள். எதையும் இழுக்காதே, முதலில் பார், என்று அந்த வேலை படிப்பித்தது. அதே மாதிரி றோட்டோரத்தில் முழங்காலில் இருந்து, கீழ்த் தட்டைக் கழற்றி, ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். மேல் லைற்றுக்கு வந்த வயரை எஞ்சின் பக்கம் இருந்து தகரத்தில் ஓட்டை போட்டு உள்ளே இழுத்திருந்தது, ஓட்டைக்கு றப்பர் கூட வைக்கவில்லை. வண்டி குலுங்கக் குலுங்கத் தகர விளிம்பு தோலை அறுத்துச் செம்பு வெளியே தெரிந்தது. சாவி போடுகிற இடத்துக்கு வருகிற வயரின் தோலைச் சீவி, அதிலே மற்ற வயர்களை முறுக்கி நீல ஒட்டு ரேப் சுற்றியிருந்தது. எர்த் வயரைப் பெயின்ற் மேலேயே ஒரு ஸ்குறூவில் முறுக்கியிருந்தது, அதனால்தான் ஒன்றை அமத்தினால் இன்னொன்று எரிந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பியூஸ் இல்லை. சிகரட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளை மடித்துச் செருகியிருந்தது. பியூஸ் அடிக்கடி போயிருக்கிறது, ஏன் போகிறது என்று தேடாமல், போகவே முடியாதபடி செய்து வைத்திருக்கிறான்.

ஆனாலும் மகள், அதுவரைக்கும் அது எனக்குக் கோபம்தான். தெரியாமல் செய்துவிட்டான், சின்னப் பிள்ளை, திருத்தலாம் என்றுதான் போன் எடுத்து வரச்சொன்னேன். நான் திறந்து பார்த்ததைச் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்தான். அக்கா எப்படி என்று கேட்கவில்லை. நான் மரத்துக்குக் கீழே போத்தல் தண்ணியில் விரலை நனைத்துக்கொண்டு நின்றேன், அவன் நான் பார்க்கவில்லை என்று நினைத்துக் குனிந்து, கையை விட்டு, அந்த வெள்ளித்தாளை உருவி எடுத்துக் களிசான் பொக்கற்றுக்குள் வைத்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னான்:

“பாத்தீங்களா மாமி, பியூஸே இல்ல. ரிஸ்கான் கழட்டிப்போட்டு விட்டிருக்கான்.”

“பொக்கற்றுக்குள்ள என்ன தம்பி?” என்று கேட்டேன்.

“ஒண்டும் இல்ல மாமி, போன்.”

போன் அவன் மற்றக் கையில் இருந்தது. அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது, நீ போ தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவனும் கடையில் ஆக்கள் நிற்கிறார்கள் என்று போய்விட்டான். மழைக்குள் மாமியை றோட்டில் விட்டுவிட்டுப் போகிறோம் என்ற யோசனைகூட இல்லை.

பிறகு வேறு யாரை நான் கூப்பிடுவது. வெட்கத்தை விட்டு ரிஸ்கானுக்கு எடுத்தேன். ஜும்ஆத் தொழுகை முடித்துவிட்டு வருகிறேன் என்றார், சொன்னபடி வந்தார். ஒரு சின்ன ரெஸ்ற் லைற்றை வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்து, எது எங்கே போகிறது என்று எனக்கும் காட்டிக்காட்டிச் செய்தார். எரிந்த துண்டை வெட்டிப் புது வயர் போட்டு ஒட்டி, பெயின்றைச் சுரண்டி எர்த்தை இறுக்கி, சரியான பியூஸ் போட்டதும் வண்டி முதல் திருப்பிலேயே பிடித்தது. கொம்பியூட்டர் பெட்டிக்கு ஒன்றும் இல்லை. லைற்றில் பிழை இல்லை, தனியாக ரிலேயும் பியூஸும் வைத்துப் பூட்டினால் நல்லாக எரியும், வைத்துத் தரவா என்று கேட்டார். வேண்டாம், அவன் பூட்டிய ஒன்றும் என் வண்டியில் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் கழற்றித் தாருங்கள் என்றேன். யார் பூட்டியது என்று அவர் கேட்கவே இல்லை.

அடுத்த நாள் மாமா வந்தார். மகன் என்ன சொல்லி அனுப்பினானோ, வந்ததும் வராததுமாக, “ஒரு வயருக்காக ரெண்டு குடும்பத்தப் பிரிக்கப் போறியா?” என்று கேட்டார். நான் சொன்னேன், “வயர் பிழைச்சா மாத்தலாம் அண்ணன். எரிஞ்ச வண்டிக்குள்ள என்ட பிள்ள இருந்திருக்கு. அவன் வந்து முதல் பாத்தது தன்ட பொக்கற்ற.” வெள்ளித்தாள் விஷயம் அவருக்குத் தெரியாது என்று முகத்தில் விளங்கியது. கழற்றிய லைற்றையும் ஹோர்னையும் கமராவையும் உரப் பையில் போட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணி குடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போனார். என் கூடப்பிறந்த ஒரே அண்ணன், அவர் படலையைச் சாத்திக்கொண்டு போனது எனக்கு வலிக்காமல் இல்லை.

நேற்று ஓட்டமாவடிக்குப் போனேன். எல்லோருக்கும் முன்னால் ஏசியவள் எல்லோருக்கும் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று, கடையில் ஆக்கள் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய், பிழை என்னுடையது, உங்களில் ஒரு பிழையும் இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். முகைதீன்பாவா முகத்தை றோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். ரிஸ்கான் என்னை வண்டி வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து மெதுவாகச் சொன்னார், “வண்டிக்கு ஏதும் எண்டா போன் பண்ணுங்க அக்கா, எங்க நிண்டாலும் நான் வாறன். கடைக்கு மட்டும் கொஞ்ச நாளைக்கு வராதீங்க. மாமனாருக்கு இன்னும் மனசு ஆறல்ல.” சரி தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் என்ன பிழை. சுதாகரன் ஒரு பொய்யைச் சொன்னான், அதை ஓட்டமாவடி வரைக்கும் சுமந்துகொண்டு போய் இறக்கியவள் நான். அந்த ஆக்கள் என்று அவன் சொன்னபோது எனக்கு அது நம்ப இலேசாக இருந்தது. சுதாகரனில் வந்த அருவருப்பில் பாதி என்னிலும் வருகிறது மகள், குளித்தும் போகவில்லை.

இனி உன் முடிவு. அவனைக் கட்டு என்றும் சொல்ல மாட்டேன், கட்டாதே என்றும் சொல்ல மாட்டேன். என் கண்ணால் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். அவன் உனக்கு எடுத்து வேறு மாதிரிச் சொல்லுவான், அதையும் கேள். கேட்டுவிட்டு இரண்டு நாள் பொறுத்து எனக்கு ஒரு வரி எழுது, ஓம் என்றாலும் இல்லை என்றாலும் அதை நானே மாமாவின் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்லுகிறேன். சீதனம், ஊர்ச் சொல், அம்மா தனியே என்று ஒன்றையும் யோசிக்காதே.

என் கிளி, நேரத்துக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. எல்லா நன்மையும் உனக்கு வரட்டும், கை கால் சுகத்தோடு வேலை செய்து திரும்பி வர ஆண்டவன் துணை நிற்கட்டும். உங்கள் அறையில் ஐந்து பிள்ளைகளும் ஒரே பிளக்கில் ஹீட்டரும் கேத்திலும் செருகுவதாகப் போன மாதம் சொன்னாய். இன்றைக்கே அதைக் கழற்று. வயர் சுடுகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா சிவமணி