புனிதருக்கு முள், கோமகனுக்கு மெத்தை

ஆண்டவர் ஆண்டு 868, மே 12

லுவார் நதியில் வடகடல் கொள்ளையரான வடவரின் கப்பல்கள் ஏறி வருவதாகச் சந்தையெல்லாம் பேச்சு. கோமகன் ஹெரிவெல் சிரித்தாராம். “கடல் எங்க, நம்ம ஊர் எங்க? கப்பலுக்குக் கால் முளைச்சிருக்கா?” கப்பலை மறிக்கப் பாலத்துக்குக் கல்லும் காவலும் வைப்பதாக அவர் சொல்லித் தலைமுறையே வளர்ந்துவிட்டது. பாலம் இன்னும் இற்றுப்போன மரம்தான்.

மே 19

வந்துவிட்டார்கள்.

மே 21

தோல்காரர் தெரு சாம்பல். பாலத்தை விறகுபோல் பிளந்துவிட்டு வந்தார்கள். முதல் தீ தெரிந்ததுமே கோமகன் குதிரையேறிவிட்டார். நானும் வீரனில்லை, கோயிலின் சின்னச் சாமியார்தான்; பீப்பாய்க்குள் ஒளிந்தேன். தொப்பை மட்டும் வர மறுத்தது.

ரொட்டி சுடும் ரோத்லின்த், மூத்த மகளை அவர்கள் படகில் தூக்கிப் போட்டதைக் கண்ணால் பார்த்தவள். அழவில்லை. “அறுவடைக்கு மறுபடி வருவானுங்க சாமி. எனக்கு இன்னொரு மக இருக்கா.”

மே 26

பெரிய சாமியார் தண்டனை அறிவித்தார். கோமகனுக்கா? இல்லை, எங்கள் புனித அவலினுக்கு! ஊரைக் காக்கவில்லையாம். வழக்கப்படி அவருடைய எலும்புப் பேழையைத் தரையில் இறக்கி மேலே முள் பரப்பவேண்டும். குறை தீரும்வரை விளக்கில்லை, பாட்டில்லை. கோயில்பிள்ளை வேலையும் என் தலையில் என்பதால் முள் வெட்டியதும் நான்தான். வயிறு எரிகிறது — செத்து முந்நூறு வருஷமான மனுஷன் என்னய்யா செய்வார்? உயிரோட இருந்தவன் ஓடிட்டான். அவனுக்குக் கோயில்ல மெத்தை வெச்ச நாற்காலி, இவருக்கு முள்ளா?

முள் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மே 27

கோமகனின் நாற்காலியைப் புனிதர் பக்கத்தில் தரையில் சாய்த்து, மிச்ச முள்ளைப் போட்டேன்.

“எடுய்யா அதை!” என்று கத்தினார் பெரிய சாமியார்.

“குறை தீந்தாத்தான் எடுக்கலாம், சாமி. வழக்கம்.”

ரோத்லின்த் ஒரு கத்தை முள்ளோடு வந்தாள். பின்னாலேயே தோல்காரர் தெரு முழுக்க வந்தது.

ஜூன் 2

கோமகன் திரும்பிவிட்டார். பூசைக்கு வந்தவர் நாற்காலியைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. பூசை முடியும்வரை நின்றார்.

“யார் வேலைடா இது?”

“நான்தான். பாலம் எழும்பட்டும் பிரபு, நாற்காலியும் எழும்பும்.” என் வாயா சொன்னது? பாழாய்ப்போன வாய்.

“அவ்வளவு அக்கறையா? நீயே போய்க் கல் சுமடா, பன்னி!”

ஜூன் 9

முதுகு போயிற்று. நான் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள ஈட்டியோடு இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறார். ஆக, பாலத்துக்குக் கல்லும் வந்தாயிற்று, காவலும் வந்தாயிற்று. நான் ஒருவன் சுமக்கவேண்டிய கல்லைத் தெருவே சுமக்கிறது.

நான் வைத்த கல்லை ரோத்லின்த் அசைத்துப் பார்த்தாள். “அறுவடைக்குள்ள முடிஞ்சிருமா, சாமி?”

அடுத்த கல்லுக்குக் குனிந்தேன்.