சின்னவளின் ரோபோவும் நான் செய்த உதவியும்

அன்புள்ள பெரியவளுக்கு,

நானும் உன் தங்கையும் நலம்தான், உன் இருமல் விட்டதா என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி.

இங்கே ஒரே ரகளை. மாதக் கடைசியில் போட்டி, சின்னவளின் ரோபோ நேற்றுவரை அசைய மறுத்தது. சோபாவைத் தள்ளிவிட்டுக் கூடத்தையே அதற்குக் கொடுத்தாயிற்று, துணி காயப்போட அதைத் தாண்டித்தான் போகிறேன். ரோபோவுக்குள் ஓடும் புரோகிராமும் லேப்டாப்பில் அதை ஓட்டும் டாஷ்போர்டு என்ற திரையும் ஒன்றோடொன்று பேசினால்தான் அது நகருமாம். பஸ் ஓட்டுகிறவள் நான், வண்டி வாசலிலும் டாஷ்போர்டு சாப்பாட்டு மேஜையிலும் இருந்தால் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. திரையில் முதலில் பச்சை விளக்கு காட்டும், இவள் ரோபோவை வாசலில் வைத்துவிட்டு வருவதற்குள் சிவப்பாகிவிடும். புரோகிராமை மறுபடி ஏற்றினாள், பேட்டரியை மாற்றினாள், கடைசியில் பைத்தியமே பிடிச்சிடும்மா என்று அழுதாள். அக்காவைக் கேளேன் என்றேன். உன் பழைய ரோபோவின் சக்கரங்களை உன்னைக் கேட்காமல் இவள் கழற்றியதிலிருந்து நீங்கள் இருவரும் பேசுவதில்லையே. எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு அவகிட்ட கேக்கறது என்றாள்.

நேற்று நான் கையும் களவுமாகப் பிடிபட்டேன். லேப்டாப்பில் இன்டர்நெட் இல்லை என்று காட்டும்போதெல்லாம், பாவம், பிள்ளை கவனிக்கவில்லை என்று நம் வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டது நான்தான். ரோபோவுக்கென்று தனி வைஃபை இருக்கிறதாம், லேப்டாப் அதில் இருந்தால்தான் இரண்டும் பேசுமாம், ஆனால் அதில் இன்டர்நெட் வராதாம். இன்டர்நெட் வராத வைஃபை எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, உனக்கு விளங்கும். திட்டப்போகிறாள் என்று நின்றால், தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இதை முதல்ல அக்காகிட்ட சொல்லணும் என்று போனை எடுத்தவள், உன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். அவ இன்னும் கோபமாத்தான் இருப்பாளாம்மா என்று கேட்டாள்.

அக்காவும் தங்கையுமாக நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். மருந்தை மறக்காதே. ரோபோ இப்போது ஓடுகிறது, உன் சக்கரங்களில்தான். போட்டிக்கு முன்னால் நீயே அவளைக் கூப்பிடு. நான் நடுவில் எதையும் தொடமாட்டேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா