பௌர்ணமியும் குட்டி மலையும்

மாசி, வியாழக்கிழமை ராத்திரி

மதுரா ஹோலி டூருக்குப் பேர் கொடுத்த கீழ்பென்னாத்தூர் குரூப் மொத்தமும் மத்தியானம் ஆபீசுக்கே வந்துட்டாங்க, வரலைன்னு சொல்ல. ஆள் சேர்த்த செல்வி அக்காதான் பேசினாங்க.

"ஹோலி பௌர்ணமியிலதான் வருதாமே பாய்? பௌர்ணமிக்கு மலை சுத்தாம எப்படி இருக்கிறது?"

இந்த ஊர்ல டூர் நடத்துறவன் பௌர்ணமிய மறப்பானா? மறந்துட்டேன். எனக்குப் பௌர்ணமின்னா ஊருக்குள்ள வேனை விடமாட்டாங்க, அவ்வளவுதான்.

ஆனா நான் அசரல. "அங்கயும் கோவர்த்தனகிரி இருக்குதுக்கா. கிருஷ்ணர் குடையாப் பிடிச்ச மலை. ஜனங்க செருப்பில்லாம சுத்துறாங்க. காலையில கலர் பூசுங்க, சாயங்காலம் மலை சுத்துங்க"ன்னேன்.

அக்கா முகம் தெளிஞ்சிடுச்சு. "நம்ம மலை ஒசரம் வருமா?"

"கால்வாசி கூட வராதுக்கா. குட்டி மலை."

"அப்ப சுத்தும் கம்மிதான்"னு சிரிச்சிக்கிட்டே எல்லாரும் பஸ் ஏறப் போயிட்டாங்க.

குரூப் கைவிட்டுப் போகல. நல்லபடியா கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுவேன். மலைதான் குட்டி, சுத்து நம்ம மலையவிட ஜாஸ்தின்னு ரயில் ஆந்திராவுக்குள்ள நுழைஞ்சப்புறம் சொல்லிக்கலாம்.