மாமன் வீட்டுக் கோடி

மாப்ளே,

இன்று காலை பீரோவின் அடித்தட்டில் பழைய விடைத்தாள் கட்டு ஒன்றைத் தேடியபோது அந்த மஞ்சள் பை கையில் பட்டது. பிரித்ததும் புது வேட்டியின் கஞ்சி வாசம் வந்தது. ஒரு வேட்டி, ஒரு வெள்ளைத் துண்டு. கடையில் ஒட்டிய சீட்டுகூடக் கிழியவில்லை. மூன்று வருஷமாக என் சட்டைகளுக்குக் கீழே கிடக்கிறது. ஈஸ்டருக்குக் கட்டிக்கொள்ளலாமே என்று என் மனைவி இரண்டு தடவை சொல்லிவிட்டாள். அது எனக்கு எடுத்ததல்ல. உன் மேல் போர்த்தி மண்ணுக்குள் அனுப்பியிருக்க வேண்டியது. உன்னை நான் எதில் சுற்றி அனுப்பினேன் என்பது உனக்குத் தெரியாது. தெரியாமலே போகட்டும் என்றுதான் இத்தனை நாளும் எழுதாமல் இருந்தேன். கஞ்சி வாசம் விடமாட்டேன் என்கிறது.

கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டின்படி நீ என் அத்தை மகள். எனக்கு முறைப்பெண். உனக்குப் பத்தொன்பது வயதில், என் அப்பா பூவும் தட்டுமாக உங்கள் வீட்டுக்கு வந்த அன்று, பின்னலை அறுத்துக் கையில் பிடித்தபடி நடு வீட்டில் வந்து நின்றாய். "மாமா, ஒங்க மகனுக்கு நான் மச்சினனா வேணும்னா இருக்கேன், பொண்டாட்டியா இருக்க மாட்டேன்" என்றாய். உன் அண்ணன் உன்னை வாசல்வரை இழுத்துப் போய் அடித்தான். நான் தட்டிலிருந்த வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஊரில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்த பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

நீ சின்னமனூருக்குப் போனாய். கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்தமாக ஒரு பழைய ஜீப்பை வாங்கினாய். விடியக்காலையில் மார்க்கையன்கோட்டைப் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாய அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவாய். மதுரையில் ஒரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டாய். குரல் தடித்தது. மேலுதட்டில் ஒரு மீசை வந்தது, ரொம்ப நாள் கெஞ்சி வரவழைத்த மாதிரி. அதை நீ ஒரு விரலால் தடவிக்கொண்டே பேசுவாய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் பஸ் ஏறி வந்துவிடுவேன். மலைப்பாதையில் ஒரு வளைவில் ஜீப்பை ஓரங்கட்டி, பொட்டலத்தைப் பிரித்துப் பரோட்டா தின்போம். அங்கே நீ எனக்கு மாப்ளே, நான் உனக்கு மாப்ளே. ஊருக்குள் எதிரில் பார்த்துவிட்டால் மட்டும் நான் "என்ன ஆத்தா, சௌக்கியமா?" என்று பெண்பிள்ளையை விசாரிப்பதுபோல் கேட்பேன். நீ ஒருநாளும் அதற்காகக் கோபப்பட்டதில்லை. ஒருநாளாவது கோபப்பட்டிருக்கலாம்.

நான் சரித்திர வாத்தியார். ஐரோப்பாவைத்தான் ஒன்பதாம் வகுப்புக்கு வருஷாவருஷம் உருப்போட்டுக் கொடுக்கிறேன். நீ ஒருநாள் என் பாடப்புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டாய்: "ராசா, போரு, புரட்சின்னு அம்புட்டும் இருக்கு. என்னைய மாதிரி ஒருத்தன்கூடவா அந்த ஊர்ல பெறக்கல மாப்ளே?" வாத்தியாருக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? தேடினேன். கிடைத்தார்கள். வாரம் ஒருவராகக் கொண்டுவந்து உன் முன்னால் இறக்கினேன்.

ஸ்பெயினில் கன்னியர் மடத்தை விட்டு ஓடி, ஆண் உடையில் கடல் கடந்து, படையில் அதிகாரி ஆனவர் ஒருவர். உண்மை தெரிந்த பிறகு, ஆண் உடையிலேயே இருக்க போப்பாண்டவர் அனுமதி கொடுத்தார் என்று சொல்கிறார்கள். நீ ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாய். "போப்பாண்டவரே சரின்னுருக்காக! எங்கண்ணன் போப்பாண்டவருக்கும் மேலயா?" அடுத்த வாரம் பிரான்ஸ் நாட்டுத் தூதர் ஒருவர். பாதி ஆயுள் ஆண், மீதி ஆயுள் பெண். அவர் எது என்று லண்டனில் பந்தயம் கட்டினார்கள். செத்ததும் மருத்துவரும் சாட்சிகளுமாகக் கூடி நின்று உடம்பைப் பார்த்தார்கள். அதற்கு நீ சிரிக்கவில்லை. உங்கள் ஜீப் ஸ்டாண்டிலும் பரோட்டாவுக்கும் பீடிக்கும் அதே பந்தயம் ஓடியிருக்கிறது. "அம்புட்டுப் பேரும் கடைசியில துணியத்தான் தூக்கிப் பாக்குறாய்ங்க" என்றாய்.

பிறகு அந்த ராணுவ மருத்துவரின் கதையைச் சொன்னேன். ஆங்கிலேயப் படையில் தேசம் தேசமாகப் போய் வைத்தியம் பார்த்தவர். வயிற்றைக் கீறித் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தவர். செத்தால் தன்னைக் குளிப்பாட்டக் கூடாது, கிடந்த துணியோடு அப்படியே புதைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாராம். உடம்பை எடுத்துக் கிடத்த வந்த பெண் கேட்கவில்லை. அவிழ்த்துப் பார்த்தாள், ஊருக்கெல்லாம் சொன்னாள்.

நீ பரோட்டாவைக் கீழே வைத்துவிட்டாய். "அந்தப் பொம்பளைக்கி என்ன கேடு மாப்ளே? எத்தன உசுரக் காப்பாத்துன மனுசன். ஒரே ஒரு துணிய அவுக்காம இருக்க முடியலையா?" பிறகு, "நான் செத்தா கோடி யாரு எடுக்கணும்?" என்றாய்.

உனக்குத் தெரியாததா! நம் பக்கம் செத்தவர் மேல் போர்த்தும் கோடித் துணியைத் தாய்மாமன் வீடுதான் எடுத்து வரவேண்டும். என் அப்பா போய்விட்டார். அப்படியென்றால் நான்.

"வேட்டி எடு. என்னையக் குளிப்பாட்ட விடாத. போட்ருக்க சட்டையோட வேட்டியப் போத்தி அனுப்பிரு."

"நீ எங்க இப்பச் சாகப்போற?"

"சொல்லு மாப்ளே."

எண்ணெய்க் கையோடு உன் கையைப் பிடித்து, "சரி மாப்ளே" என்றேன்.

நாற்பது வயதுகூட ஆகவில்லை உனக்கு. அன்று காலை அதே மலைப்பாதையில் நெஞ்சு வலித்திருக்கிறது. பின்னால் பன்னிரண்டு பெண்கள். ஜீப்பை மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்தாயாம். ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரியில் உன் ஆதார் அட்டையைப் பார்த்து உன் அண்ணனைக் கூப்பிட்டார்கள். இருபது வருஷம் உன் பேச்சை எடுக்காத குடும்பம், உடம்பு என்றதும் வேன் பிடித்து வந்து ஊருக்குக் கொண்டுபோனது.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து இரட்டைச் சடைப் படம். நீ வெறுத்த அந்தப் பெயர், ஆளுயர எழுத்தில். உன் அண்ணன் என்னை ஓரமாக அழைத்துப் போனான்.

"ஏலே வாத்தியாரு, கன்னியாப் போன புள்ள. முறைப்படி கல்யாணப் பொண்ணாத்தான் அனுப்பணும். வெள்ளப் பட்டு, முக்காடு, பூமுடி. மாமன் வீட்டுக் கோடியா நீ எடுத்தாந்துரு. வேட்டி கீட்டின்னு வந்து நின்னே, அங்கனயே ரெண்டு பொணம் விழும்."

"அவன் கேட்டிருந்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். "அவ எதும் சொல்லலையே" என்று வந்தது.

"அப்புறம் ஒரு பிளேடும் வாங்கிட்டு வா. மூஞ்சியில அசிங்கமா இருக்கு" என்றான்.

வாங்கினேன் மாப்ளே. இரண்டையும் நான்தான் வாங்கினேன். பயம் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய் என்று தெரியும். அதனால் மீதியையும் சொல்கிறேன். துணிக்கடையில் பட்டை விரித்துப் போட்டு, "கல்யாணத்துக்குங்களா சார்?" என்று கேட்டான் கடைக்காரன். ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் எனக்குள் ஒருவன் சந்தோஷப்பட்டான். இருபது வருஷத்துப் பட்டப்பெயருக்கு அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைக் கட்டமாட்டேன் என்றவளுக்கு இன்று நான் எடுத்ததைத்தான் கட்டியாக வேண்டும் என்று நினைத்தான். சரிகை அகலமாக இருந்த பட்டையே எடுத்தான். பூ வைக்க வந்த அன்று அடிபட்டது நீ, இவ்வளவு காலம் வஞ்சம் வைத்திருந்தது நான்.

உள் அறையில் பெண்கள் உன்னைக் குளிப்பாட்டினார்கள். கதவுக்கு வெளியே நின்றேன். நீ நெஞ்சில் சுற்றியிருந்த துணியைக் கத்தரிக்கோலால் வெட்டும் சத்தம் கேட்டது. "ஆத்தாடி, எம்புட்டு இறுக்கி வச்சுருக்கா பாரு" என்று ஒருத்தி சொல்ல, யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை, அழவுமில்லை. சட்டையையும் பேண்ட்டையும் சுருட்டிக் கொல்லையில் போட்டு எரித்தார்கள். வெளியே கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் கிடத்தியபோது உனக்குச் சவுரி முடி, வெள்ளை முக்காடு, பிளாஸ்டிக் பூமுடி, உதட்டுக்கு மேலே ஒரு சின்ன வெட்டுக்காயம். கையில் செபமாலை. சாமியார் வந்து நம் அன்புச் சகோதரி என்று செபம் சொன்னார். நானும் ஆமென் சொன்னேன்.

மறுநாள் மதியத்துக்கு மேல் அந்தப் பன்னிரண்டு பெண்களும் வந்தார்கள். வேலைக்குப் போகாமல், விசாரித்து விசாரித்து, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். ஒரு பெரிய மாலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உள்ளே போய்ப் பெட்டிக்குள் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன வேகத்தில் மாலையோடு வெளியே வந்துவிட்டார்கள்.

"வேற துட்டி வீட்டுக்கு வந்துட்டோமப்பா. யாரோ கல்யாணமாகாத புள்ள செத்துருக்கு, பாவம்" என்றாள் ஒருத்தி.

நரைத்த கொண்டை போட்ட ஒரு அம்மா மட்டும் பெட்டியருகே கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டு வந்தாள். பந்தல்காலை ஒட்டி நானும் உன் அண்ணனும் நின்றோம். நேராக என்னிடம் வந்தாள்.

"அய்யா, எங்க டிரைவரு துட்டிக்கு வந்தோம். இந்த ஊருன்னுதான் சொன்னாக."

"இங்கன டிரைவரு எவனும் சாகல" என்றான் உன் அண்ணன்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. "அந்தத் தம்பிக்கு மாமன் மகன் ஒருத்தரு இருக்காராம். பள்ளிக்கூடத்து வாத்தியாரு. எனக்கு ஒண்ணுன்னா அம்புட்டையும் அவரு பாத்துக்கிருவாரு ஆத்தான்னு எந்நேரமும் சொல்லும். அந்த வாத்தியாரக் காட்டிவிட்டாப் போதும்யா."

உன் அண்ணன் என் முகத்தைப் பார்த்தான்.

"அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லம்மா" என்றேன்.

அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள். திட்டவில்லை. கக்கத்தில் இடுக்கியிருந்த மஞ்சள் பையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நாங்க எல்லாரும் சேந்து எடுத்த கோடி. அந்த வாத்தியாரப் பாத்தீகன்னா குடுத்துருங்கய்யா. அவரு போத்திருவாரு."

மாலையைத் தெருமுனை மாதா கெபிக்குப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனார்கள்.

சாயங்காலம் உன்னைப் புதைத்தோம். உன் சிலுவையில் அந்தப் பழைய பெயர்தான் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு வருஷாவருஷம் மெழுகுவர்த்தியோடு வருகிறேன். போன வருஷம் பையையும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்து கேட்வரை வந்தேன். உன் அண்ணன் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். பையைச் சட்டைக்குள் மறைத்துத் திரும்பிவிட்டேன். பள்ளியில் பாடம் நடத்தும்போது சில சமயம் அந்த ராணுவ மருத்துவர் ஞாபகம் வரும். உடம்பைக் கிடத்த வந்த அந்தப் பெண்ணைத் திட்ட இப்போது எனக்கு நாக்கு எழுவதில்லை. அவள் யாருக்கும் எண்ணெய்க் கையோடு சத்தியம் செய்து கொடுத்தவளில்லை.

பையைத் திரும்பக் கட்டி, சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அந்த வாத்தியாரை நான் இன்னும் பார்க்கவில்லை, மாப்ளே. பார்த்தால் கொடுத்துவிடுகிறேன்.