கேசிங் பைப்பை அறுத்துவிட்டேன்

எலச்சிபாளையம்,
வைகாசி 14, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

கோகிலவாணி எழுதுகிறேன். நானும் நம் மகள் இலக்கியாவும் நன்றாக இருக்கிறோம். மத்தியப் பிரதேசத்து வெயிலில் நீங்களும் போர் போடும் ரிக் வண்டியில் உள்ள எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். உங்களோடு வேலை பார்க்கும் சந்தோஷ்குமார் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை புறப்படுகிறான். அவனிடம் இதையும் ஒரு பை மிளகாய் வற்றலையும் கொடுத்தனுப்புகிறேன். அத்தனையும் நம் வீட்டுக் கொல்லையில் காய்த்த மிளகாய்.

முதலில் நீங்கள் கோபப்பட வேண்டிய சேதியைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த போர் போடும்போது குழிக்குள் இறக்க வேண்டும் என்று தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தீர்களே கேசிங் பைப், நான்கையும் அறுத்துவிட்டேன். நெஞ்சுயரத்துக்குத் துண்டு போட்டு, சுற்றிலும் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி நட்டு வைத்திருக்கிறேன். ஓட்டைக்கு ஓட்டை கீரை தொங்குகிறது. திட்டுவதென்றால் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

போன ஆவணியில் நீங்கள் கிளம்பியபோது கொல்லை எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற ரிக்காரர் வீட்டில் இரண்டு போர் போட்டும் புகைதான் வந்தது. மிச்சமானது பாறையைக் குடைந்தபோது வெளியே வந்து குவிந்த அந்தக் கல்மாவு மேடு. புல்கூட முளைக்கவில்லை. அதை நான் கொத்திக் கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வசந்தாமணி அக்கா, கல்லுமாவுல கத்திரி மொளைக்குமாக்கும் என்று சிரித்தார். எனக்கு அப்போதே ரோஷம் வந்துவிட்டது.

ஆனால் முதலில் செய்தது மடத்தனம். நாமக்கல் பக்கத்துக்காரிக்குக் கோழி எருவுக்கா பஞ்சம்? பண்ணையிலிருந்து இரண்டு மூட்டை வாங்கி வந்து, சூடு ஆறுவதற்குள் கொட்டிப் பரப்பி, அன்றைக்கே நாற்பது கத்தரி நாற்று நட்டேன். நான்கே நாளில் அத்தனையும் கருகிவிட்டது. உட்கார்ந்து அழுதேன். உங்களிடம் சொல்லவில்லை. அப்புறம் அந்த எருவையே வழித்தெடுத்து, காய்ந்த இலையோடு அடுக்கி, தண்ணீர் தெளித்துக் கிளறிக் கிளறி மூன்று மாதம் ஆறப்போட்டேன். அதுவரை மண் சும்மா கிடக்க வேண்டாம் என்று வீட்டில் இருந்த கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, கொள்ளு, எள்ளு எல்லாவற்றையும் கலந்து விதைத்தேன். பூக்கிற சமயத்தில் அறுத்து அங்கேயே மடக்கிப் போட்டேன். இரண்டு தரம் இப்படிச் செய்த பிறகு ஒருநாள் இலக்கியா மண்புழுவைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில், பாம்போ என்று வசந்தாமணி அக்கா கம்போடு ஓடி வந்தார்!

தண்ணீருக்கு என்ன செய்கிறாய் என்று கேட்பீர்கள். தலைக்கு அரப்பு, பாத்திரத்துக்குச் சாம்பல், சோப்பே கிடையாது. அதனால் குளிக்கிற தண்ணீர், கழுவுகிற தண்ணீர் எல்லாம் வாழைக்கும் சேம்புக்கும் போகிறது. மற்ற செடிகளுக்குக் காய்ந்த கரும்பு இலைச் சோகையைக் கனமாகப் பரப்பி மூடியிருக்கிறேன். அக்கினி நட்சத்திரத்திலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றினால் போதும், விரலை விட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. பங்குனியிலிருந்து காய்க்கென்று நான் சந்தைப் பக்கம் போகவில்லை. ரேஷன் அரிசி, உப்பு, எண்ணெய் இவ்வளவுதான் வெளியில் வாங்குவது.

போன வாரம் இளம்பிள்ளையிலிருந்து தறி ஓட்டுகிற பெண்கள் பதினெட்டுப் பேர் கேள்விப்பட்டு வேன் பிடித்து வந்து நம் கொல்லையைப் பார்த்தார்கள். நடுவில் நின்று ஒரு மணி நேரம் பேசினேன் மாமா. கருகிப்போன கதையையும் மறைக்காமல் சொன்னேன். ஆளுக்கொரு பொட்டலம் விதை கொடுத்தேன். எந்தக் காலேஜில் படித்தீர்கள் என்று ஒரு பெண் கேட்டதற்கு வசந்தாமணி அக்கா முந்திக்கொண்டு, எங்க கோகிலா படிச்சதெல்லாம் இந்தக் கல்லுமாவுலதானுங்க என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இல்லையே என்றும் இருந்தது.

இனி கடிதத்தின் காரணம். இன்னும் இரண்டு வருடம் வண்டியில் இருந்தால், மழைக்காலத்துக்கு வண்டி ஊர் திரும்பும்போது நம் கொல்லையில் மூன்றாவது போர் சும்மா போட்டுத் தருவதாக முதலாளி சொன்னார் என்றீர்கள். நான் வேண்டாம் என்று போனில் நான்கு முறை சொன்னேன். நான்கு முறையும் சிக்னல் இல்லை என்றீர்கள். அதே இடத்திலிருந்து மற்றவர்கள் நன்றாகப் பேசுவதாகச் சந்தோஷ்குமார் சொல்கிறான். தோளைத் தொட்டால்தான் நீங்கள் திரும்பிப் பார்க்கிறீர்களாம். அவனைக் கோபிக்க வேண்டாம், நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். ஒன்பது வருடம் கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்ற காது அது. எங்களுக்காக நின்றீர்கள், எனக்குத் தெரியாதா?

நம் ஊர்ச் சென்னியப்பன் அண்ணன் தன் அரை ஏக்கரைக் கிணற்றுத் தண்ணீரோடு நமக்குக் குத்தகைக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். ஆடியில் விதைக்கலாம். ஒருத்தியாகக் கல்மாவில் இவ்வளவு செய்தவளுக்கு, நீங்களும் கூட இருந்தால் அது பெரிய காரியமா? வந்தவுடன் ஈரோட்டுக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்துவிடுவோம். போர் வேண்டாம், இரண்டு வருடமும் வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த அர்த்தநாரீஸ்வரர் உங்களை ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். உங்களிடம் சொல்ல நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன் மாமா. நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறபோதே வந்துவிடுங்கள்.

உங்கள்,
கோகிலவாணி