ரோதிகாவின் பெயரில் ஒரு கோப்பை

கிஷினாவ்,
15 மே 2002

அன்புள்ள ரோதிகாவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். ஈஸ்டர் முடிந்து நாற்பது நாளும் இங்கே சொல்வதைச் சொல்லியே தொடங்குகிறேன். இத்தாலியில், அந்தப் பொலோஞாவில், 'மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்' என்று உனக்கு யார் பதில் சொல்கிறார்களோ தெரியவில்லை. நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரின் இடுப்பு தேறியதா?

நீ அனுப்பிய சிவப்பு ஜாக்கெட் இலிங்காவுக்குப் பொருந்துகிறது. கை மட்டும் நீளம். "அம்மா நான் பெருசாயிருப்பேன்னு நெனச்சுட்டாங்க" என்றாள். வசிலே சமைக்கப் பழகிவிட்டான். குடிப்பதில்லை. "பொண்டாட்டி போனதும் ஆளே திருந்திட்டான், அவ முன்னாடியே போயிருக்கலாம்" என்று கிணற்றடியில் பெண்கள் கேலி செய்கிறார்கள். அவனும் சிரித்து வைக்கிறான்.

சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன்.

திங்கட்கிழமை, இறந்தவர்களின் ஈஸ்டருக்கு ஊருக்குப் போய், எல்லோரையும் போலக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். உன் மாமனாரின் கல்லறை அருகே வசிலே துணி விரித்திருந்தான். சிவப்பு முட்டை, ஒயின், ரொட்டி வளையங்கள். இறந்தவர் பெயரைச் சொல்லி அவரவர் அடுத்தவர் கையில் கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தோம். இலிங்கா ஒரு புதுக் கோப்பையை எடுத்தாள். நீலப் பூப் போட்டது. மேலே ரொட்டி வளையம், மெழுகுவர்த்தி, எல்லாம் முறைப்படி. பக்கத்து வீட்டு தோம்னிகாவிடம் நீட்டினாள். "ரோதிகா பேர்ல."

தோம்னிகா வாங்கிவிட்டாள். நீட்டினால் வாங்குகிற பழக்கம். பிறகுதான் பெயர் உறைத்தது.

"எந்த ரோதிகாடி?"

"எங்கம்மா."

தோம்னிகா சிலுவை போட்டுக்கொண்டாள். "அடிப் பாவி, உயிரோட இருக்கிறவ பேர்லயா குடுப்ப? வாயக் கழுவு." வசிலேயின் முகத்தை நான் எழுத மாட்டேன்.

இலிங்காவை வால்நட் மரத்தடிக்கு அழைத்துப் போனேன். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தியவள் நான். கேட்க உரிமை உண்டு என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "நீங்கதானே எழுதுனீங்க ஞானம்மா. அந்தக் கதையில அம்மா திரும்பி வர்றதில்ல. அந்தப் பொண்ணு அம்மா பேர்ல கப்பு குடுக்குது. அதுக்கப்பறம் அதுக்கு வலிக்கல."

அதற்குப் பிறகு அவளுக்கு வலிக்கவில்லை. என் கடைசி வரி. இருபத்துநாலு வயதில் எழுதினேன். பல்கலைக்கழகத்தில் துணிச்சலான முடிவு என்றார்கள்.

வீட்டுக்குப் போனதும், உன் அலமாரியிலிருந்த புத்தகத்தை எடுத்து வந்து காட்டினாள். 'என் முதல் வாசகிக்கு' என்று என் கையெழுத்து. நாற்பத்தோராம் பக்கத்தில் உன் பென்சில் கோடு. 'திரும்பிப் பார்ப்பவள் போக மாட்டாள்.'

கிறிஸ்துமஸுக்கு நீ எனக்குப் போன் செய்தபோது அந்தக் கதைக்காக மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். நீ சிரித்தாய். "உன் புத்தகத்தப் படிச்சா வேன் ஏறினேன்? பண்ணைய மூடிட்டாங்க, ஏறினேன். பெரிய ஆளுன்னு நெனப்புதான் உனக்கு." இருக்கலாம். என் குற்றவுணர்வில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கலாம். நீ போனதற்கு நான் காரணமில்லை. சரி. குழந்தையை எழுப்பாமல் போனதற்கு? இரண்டு வருடமாக ஜாக்கெட்டும் சாக்லேட்டும் அனுப்பி, அவளுக்கு உன் குரலை மட்டும் அனுப்பாததற்கு?

உனக்குத் தெரியாத ஒன்று. நான் முதலில் எழுதிய முடிவில் அந்தத் தாய் அடுத்த நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி, தண்டவாளத்தின் ஓரமாகவே வீட்டுக்கு நடக்கிறாள். பேராசிரியர் படித்துவிட்டு, "இது உங்க அம்மா எழுதின முடிவு மாதிரி இருக்கு" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பக்கத்தை வெட்டினேன். அந்த இடத்தில் கோப்பையை வைத்தேன்.

வெட்டிய பக்கத்தை இந்த உறைக்குள் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். மறுபடியும் ஒரு பக்கத்தைக் காட்டி உன்னை நகர்த்தப் பார்ப்பது எனக்கே தெரிந்தது. அவள் காகிதப் பெண், இறங்கி நடந்துவிடலாம். உன்னிடம் விசா இல்லை. ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி போக முடியாது. வா என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அதனால் கோப்பையை அனுப்புகிறேன். தோம்னிகா அதில் குடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். "குடுத்தத திருப்பிக் குடுக்கவும் கூடாது. எழுதினவளே வச்சுக்க" என்று என் பையில் போட்டாள். கம்பளித் துணியில் சுற்றியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இங்கிருந்து இத்தாலிக்குப் புறப்படும் வேனில் வரும்.

அதில் நீயே தேநீர் குடி. அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு இலிங்கா, தோம்னிகா வீட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் பேச மாட்டேன், அங்கே இருக்கவும் மாட்டேன். கோப்பை வந்தது, அதில் குடித்தேன் என்று அவளிடம் சொல். குரல் உடைந்தால் உடையட்டும். இறந்தவர்கள் அழ மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தில் எதற்கும் கோடு போடாதே. திரும்பிப் பார், ரோதிகா. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன்
ஒதிலியா